கதவைத் தட்டுவது யார்?

2018 நவம்பரில் ஒரு நாள் விடியற்காலை, கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட்டில் இருக்கும் நண்பர் போன் செய்தார். வழக்கமாக வீட்டுக் கடன் வட்டியில் ஆரம்பித்து இட்லி மாவில் முடிப்பவர், அன்று இருமலில் ஆரம்பித்தார்.

"சார், இன்னிக்குப் பகல் பூரா ஜன்னலைச் சாத்திட்டு, லைட்டைப் போட்டுட்டு உக்காந்திருந்தோம். வெளில ஒரே புகை. சூரியன் பழைய செப்புக் காசு மாதிரி தொங்குது. பசங்களுக்கு ஸ்கூல் லீவு. கடைல மாஸ்க் கிடைக்கல."

அந்த நாளில் மாஸ்க் என்றால் எனக்கு ஆபரேஷன் தியேட்டர்தான் ஞாபகம் வரும். கொரோனாவுக்கு இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தது. "தீ எங்கே? பக்கத்திலயா?" என்று கேட்டேன்.

"நூத்தம்பது மைல் தள்ளி. பாரடைஸ்னு ஒரு ஊராம். இத்தனை வருஷமா இங்க இருக்கேன், கேள்விப்பட்டதே இல்ல."

அவர் கேள்விப்பட்ட அன்றைக்கு அந்த ஊர் ஏறக்குறைய இல்லை.

அந்த ஊரைப் பற்றி 2025-ல் ஒரு சினிமா வந்தது. 'தி லாஸ்ட் பஸ்'. இயக்கியவர் பால் க்ரீன்க்ராஸ். 'யுனைடெட் 93', 'கேப்டன் பிலிப்ஸ்' எல்லாம் எடுத்தவர். கேமராவைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுவதில் பேர்போன ஆசாமி. போன வாரம் ஓர் இரவு உட்கார்ந்து பார்த்தேன். நல்ல படம். ஆனால் பார்த்து முடித்ததும் ஒரு மனஸ்தாபம். அதைத்தான் உங்களிடம் சொல்லப் போகிறேன்.

முதலில் கதை. ஸ்கூல் பஸ் டிரைவர் கெவின் மெக்கே (மாத்யூ மெக்கானகி). வீட்டில் உடம்பு சரியில்லாத மகன், வயசான அம்மா. அவர்களிடம் போக நினைக்கும்போது வயர்லெஸ்ஸில் ஒரு குரல் வருகிறது. பெற்றோர் வந்து சேர முடியாத 22 குழந்தைகள் ஒரு பள்ளிக்கூடத்தில் நிற்கிறார்கள், பக்கத்தில் யாராவது காலி பஸ் இருக்கிறதா என்று. இவர் போகிறார். ஆசிரியை மேரி லட்விக் (அமெரிக்கா ஃபெரேரா) குழந்தைகளோடு ஏறிக்கொள்கிறார். பிறகு புகை, நெருப்பு, இருட்டு, டிராஃபிக். கடைசியில் 22 குழந்தைகளும் பத்திரம்.

இது நிஜத்தில் நடந்தது. பஸ் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் போராடியது. பஸ்ஸில் இருந்தவை இரண்டு ஆசிரியைகள், படத்தில் ஒருவர்தான். புகையில் குழந்தைகள் மூச்சுவிடத் திணறியபோது மெக்கே தன் சட்டையைக் கிழித்து, இருந்த கொஞ்சம் தண்ணீரில் நனைத்து, துண்டு துண்டாகக் கொடுத்து மூக்கில் வைத்துக்கொள்ளச் சொன்னார். பெரிய குழந்தைகளையும் சின்னக் குழந்தைகளையும் ஜோடி சேர்த்து உட்கார வைத்தார்கள். எல்லார் பெயரையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டார்கள். அந்தத் தாள் எதற்கு என்று யோசித்தால் வயிற்றைப் பிசைகிறது.

க்ரீன்க்ராஸ் நெருப்பைக் காட்டும் விதம் அபாரம். காற்று மலைப் பள்ளத்தாக்கில் மின்கம்பிகளை ஆட்டுவதில் ஆரம்பித்து, ஒரு பொறி எப்படி ஊரை விழுங்கும் ராட்சஸனாகிறது என்பதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது போல இருக்கிறது. அதிகாரிகளின் அறையில் நிலவும் குழப்பத்தையும் ஒளிக்காமல் காட்டுகிறார். யாரும் வில்லன் இல்லை. எல்லாரும் தங்கள் வேலையை ஒழுங்காகத்தான் செய்கிறார்கள். அப்படியும் ஊர் போய்விடுகிறது.

பிறகு என்ன மனஸ்தாபம் என்கிறீர்களா? படம் முடிந்ததும் நமக்குத் தோன்றுவது ஒன்றே ஒன்றுதான். 'ஆபத்து வந்தால் ஒரு நல்ல டிரைவர் வருவான்.' பாரடைஸ் கற்றுக்கொடுத்த பாடம் இதற்கு நேர் எதிரானது.

பாரடைஸ் இருப்பது ப்யூட் கவுண்ட்டியில். கவுண்ட்டி என்றால் ஏறக்குறைய நம் மாவட்டம் மாதிரி. சிக்கோ, ஓரோவில் என்று இரண்டு மூன்று நடுத்தர ஊர்கள், மற்றபடி மலை, பைன் மரம், பழத்தோட்டம், நெல் வயல். ஆபத்துக்குப் பஞ்சமில்லாத இடம். 2017 பிப்ரவரியில் அமெரிக்காவிலேயே உயரமான அணையான ஓரோவில் அணையில் உபரிநீர் வழிகள் அரித்துக்கொண்டு போக, கீழே இருந்த சுமார் 1,88,000 பேரை ஒரே மாலையில் வெளியேறச் சொன்னார்கள். அடுத்த வருஷம் பாரடைஸ். 2020-ல் பெர்ரி க்ரீக் என்ற மலைக் கிராமம் எரிந்தது. 2024-ல் சிக்கோவில் ஆரம்பித்த 'பார்க் ஃபயர்' பக்கத்து மாவட்டங்களுக்கும் பரவி நாலு லட்சம் ஏக்கருக்கு மேல் தின்றது.

இப்படிப்பட்ட இடத்தில் இருப்பவர்கள் அசட்டையாக இருந்திருப்பார்கள் என்று நினைத்தால் அது தப்பு. படம் இந்த இடத்தில் நிற்பதே இல்லை. பாரடைஸ், தயாராக இருந்த ஊர்.

2008 கோடையில் இதே மலையில் ஒரு தீ வந்தது. ஜனங்கள் ஒரே நேரத்தில் காரை எடுக்க, சாலை அடைத்துக்கொண்டது. ஊர் அதில் பாடம் படித்தது. மொத்த ஊரையும் பகுதி பகுதியாகப் பிரித்து, எந்தப் பகுதி எப்போது கிளம்ப வேண்டும் என்று திட்டம் போட்டார்கள். வரைபடம் அச்சடித்துக் கொடுத்தார்கள். பிரதான சாலையான ஸ்கைவேயின் எல்லா லேன்களையும் ஒருவழிப் பாதையாக்கி 2016-ல் ஒத்திகை பார்த்தார்கள். 'கோட்ரெட்' என்று போனில் எச்சரிக்கை வரும் ஏற்பாடும் இருந்தது. எத்தனை ஊர்களில் இவ்வளவு செய்திருக்கிறார்கள், சொல்லுங்கள்.

நவம்பர் 8 காலை ஆறரை மணி சுமாருக்கு மலைக்கு அந்தப் பக்கம் தீ பிடித்தது. எட்டு மணிக்கெல்லாம் ஊருக்குள் கங்குகள் மழை மாதிரி விழுந்துகொண்டிருந்தன. பகுதி பகுதியாக வெளியேறும் திட்டம், தீ ஒரு பக்கத்திலிருந்து வரிசையில் வரும் என்று நம்பியிருந்தது. தீ வரிசையில் நிற்கவில்லை. காற்றில் ஏறி, ஊருக்கு நடுவில் அங்கங்கே இறங்கியது. சுமார் 26,000 பேர் ஒரே சமயத்தில் கிளம்பினார்கள்.

சமவெளிக்கு இறங்க நாலே நாலு சாலைகள். இரண்டு பள்ளத்தாக்குகளுக்கு நடுவே முதுகெலும்பு மாதிரி நீண்ட மேட்டில் அமைந்த ஊர் அது. வெளியேறும் சாலைகள் போதாது என்று, பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட கிராண்ட் ஜூரி 2008 தீக்குப் பிறகே எச்சரித்திருந்தது. அதற்கப்புறம் என்ன நடந்தது தெரியுமா? கடைவீதிப் பகுதியில் நாலு லேனாக இருந்த ஸ்கைவேயை இரண்டு லேனாகக் குறைத்தார்கள். வண்டிகள் நிதானமாகப் போகட்டும், ஜனங்கள் பயமில்லாமல் நடக்கட்டும் என்று. நல்ல எண்ணம்தான். 364 நாளைக்கு நல்ல எண்ணம்.

கோட்ரெட் என்ன ஆயிற்று? அதில் எச்சரிக்கை வர, நாமாகப் பெயரைப் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு செய்தவர்கள் ஊரில் பாதிகூட இல்லை. பதிவு செய்தவர்களிலும் பலருக்குச் செய்தி போய்ச் சேரவில்லை, ஏனென்றால் செல்போன் கோபுரங்களும் எரிந்துகொண்டிருந்தன.

85 பேர் செத்துப்போனார்கள். 18,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் சாம்பல். இறந்தவர்களில் பெரும்பாலோர் அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர்கள். பலர் வீட்டுக்குள்ளேயே இறந்திருந்தார்கள். நடக்க முடியாதவர்கள், கார் ஓட்ட முடியாதவர்கள், காது கேட்காதவர்கள், சேதியே தெரியாதவர்கள். கலிஃபோர்னியாவில் வீடு வாங்கப் பணம் போதாத ரிட்டையர்டு ஜனங்கள் குறைந்த விலைக்கு வீடு கிடைக்கிறதே என்று வந்து சேர்ந்த ஊர் அது. நாலில் ஒருவர் சீனியர் சிட்டிசன்.

இவர்கள் யாரும் அந்த பஸ்ஸில் இல்லை. பஸ் கதை உண்மையாக இருந்தாலும், பாரடைஸின் கதையாக அதை ஏற்க எனக்கு மனசு வராதது இதனால்தான். 22 பேர் பிழைத்த கதையைச் சொன்னால் படம் ஓடும். 85 பேர் ஏன் பிழைக்கவில்லை என்று கேட்டால் அது விசாரணை கமிஷன் ஆகிவிடும். டிக்கெட் விற்காது. இயக்குநரை இதற்காகக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் பார்க்கிறவர்கள் நாம் கேட்கலாமே.

படத்துக்கு மூலம் ஒரு புத்தகம். 'சான் ஃபிரான்சிஸ்கோ க்ரானிக்கிள்' நிருபராக இருந்த லிஸ்ஸி ஜான்சன் 2021-ல் எழுதியது. பெயர் 'பாரடைஸ்'. அதில் பஸ் ஒரு இழை மட்டும்தான். ஆஸ்பத்திரி, நகராட்சி, மின்சார கம்பெனி, தெருத் தெருவாக மனிதர்கள் என்று ஊர் முழுக்க இருக்கிறது. படம் பார்த்தவர்கள் புத்தகத்தையும் தேடிப் படியுங்கள். சினிமாவில் தொண்டை அடைக்கும். புத்தகத்தில் கோபம் வரும். கோபம்தான் கொஞ்சம் உபயோகமானது.

கோபம் யார் மேல்? தீயை ஆரம்பித்தது பசிபிக் கேஸ் அண்ட் எலெக்ட்ரிக் கம்பெனியின் மின்தடம். உயர் அழுத்தக் கம்பியைத் தாங்கும் ஓர் இரும்புக் கொக்கி தேய்ந்து தேய்ந்து அன்று காலை அறுந்தது. கொக்கிக்கு வயது கிட்டத்தட்ட நூறு. பலமான காற்று வரப்போகிறது, மின்சாரத்தை நிறுத்தினாலும் நிறுத்துவோம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். நிறுத்தவில்லை. 2020 ஜூனில் 84 பேரின் சாவுக்குக் காரணமானதாகக் கோர்ட்டில் கம்பெனி குற்றத்தை ஒப்புக்கொண்டது. சட்டப்படி விதிக்க முடிந்த அபராதம் சுமார் 35 லட்சம் டாலர். கம்பெனியை ஜெயிலில் போட முடியாதே.

இப்போது அந்தப் பட்டியலுக்கு வருகிறேன். அமெரிக்காவில் எங்கே போனாலும் 'வீட்டைத் தயார்ப்படுத்துங்கள்' என்று ஒரு பட்டியல் கொடுப்பார்கள். கலிஃபோர்னியாவில் காட்டுத்தீக்கு 'ஆறு பி' என்று வைத்திருக்கிறார்கள், ஆங்கிலத்தில் எல்லாம் 'பி'யில் ஆரம்பிக்கும். மனிதர்களும் செல்லப் பிராணிகளும், காகிதங்கள், மருந்துச் சீட்டும் மாத்திரையும், போட்டோக்கள், கம்ப்யூட்டர், கிரெடிட் கார்டு. இவற்றை நிமிஷத்தில் எடுத்துக்கொண்டு கிளம்பத் தயாராக இருக்க வேண்டும். தலைக்கு ஒரு நாளைக்கு ஒரு காலன், அதாவது நாலு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவான தண்ணீர், பல நாளைக்கு. டார்ச், ரேடியோ, பேட்டரி.

பட்டியலை நான் கேலி செய்யவில்லை. மாத்திரை டப்பாவும் ரேஷன் கார்டும் பத்திரமும் ஒரே பையில் இருந்தால் யாருக்கும் நல்லதுதான். நானும் வைத்திருக்கிறேன். ஆனால் பட்டியலை இன்னொரு தரம் படியுங்கள். இதை யாருக்காக எழுதியிருக்கிறார்கள்? இரண்டு கால் நன்றாக நடக்கிற, கார் ஓடுகிற, போன் அடிக்கிற, பையைத் தூக்கத் தெம்புள்ள ஒருவருக்காக. எண்பது வயதில் ஆக்ஸிஜன் மிஷினோடு தனியாகப் படுத்திருக்கும் அம்மாளுக்கு ஆறாவது 'பி' எதற்கு? அவர் அலமாரியில் எதை வைத்திருந்தாலும், வாசலில் ஒரு ஆள் வந்து நிற்காவிட்டால் பிரயோஜனம் இல்லை. பட்டியலில் முதலில் இருப்பது மனிதர்கள்தான். ஆனால் அது உங்கள் வீட்டு மனிதர்கள். பக்கத்து வீட்டு மனிதரை யாருடைய பட்டியலில் சேர்ப்பது?

பட்டியல் கொடுப்பதில் இன்னொரு சௌகரியமும் இருக்கிறது. சாலை போட வேண்டாம், கொக்கி மாற்ற வேண்டாம். காகிதச் செலவோடு போயிற்று. பொறுப்பு சத்தமில்லாமல் உங்கள் வீட்டு அலமாரிக்கு வந்துவிடும். ஊர் எரிந்த பிறகு, 'பையை ரெடியாக வைத்திருந்தீர்களா?' என்று உங்களைத்தான் கேட்பார்கள்.

அப்படியானால் எது காப்பாற்றியது? படத்தில் அதிகம் பேசப்படாத இரண்டு விஷயங்களைச் சொல்கிறேன்.

ஒன்று, சட்டம். காட்டுத்தீ வரக்கூடிய இடங்களில் புதிதாகக் கட்டும் வீடுகளுக்கு கலிஃபோர்னியா 2008-ல் கண்டிப்பான விதிகளைக் கொண்டுவந்தது. எளிதில் தீப்பிடிக்காத கூரை, கங்கு நுழையாதபடி பரண் காற்றுத் துளைகளில் நெருக்கமான கம்பி வலை, இந்த மாதிரி. இந்தத் தீயின் பாதையில் இருந்த தனி வீடுகளைப் பத்திரிகையாளர்கள் கணக்கெடுத்தார்கள். அந்த விதிகளுக்குப் பின் கட்டிய வீடுகளில் சுமார் பாதி சேதமில்லாமல் நின்றன. முன்னால் கட்டியவற்றில் ஐந்தில் ஒன்றுகூட அப்படித் தப்பவில்லை. அந்த ஊர்ப் புகைப்படங்களைப் பாருங்கள். வீடு இருந்த இடத்தில் சாம்பல், பக்கத்திலேயே பைன் மரம் பச்சையாக நிற்கும். பல வீடுகளைக் கொளுத்தியது காடு இல்லை. கூரைத் தகரக் கால்வாயில் அடைந்திருந்த சருகும், அதில் வந்து உட்கார்ந்த ஒரு கங்கும், எரிகிற பக்கத்து வீடும்தான்.

இரண்டு, பார்க்கிங். ஆமாம், கார் நிறுத்தும் இடம். சாலையில் மாட்டிக்கொண்டவர்களை தீயணைப்பு வீரர்களும் போலீஸும் கடைகளுக்கு முன்னால் இருந்த சிமெண்ட் மைதானங்களிலும் வெட்டவெளிகளிலும் ஒதுக்கி நிறுத்தினார்கள். சுற்றிலும் எரிய, நடுவில் உட்கார்ந்து ஜனங்கள் பிழைத்தார்கள். இப்படி முப்பது சொச்சம் இடங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தப்பித்ததை, பிறகு அமெரிக்க அரசின் ஆய்வு நிறுவனமான 'நிஸ்ட்' விரிவாகப் பதிவு செய்தது. சிறிய ஊர்கள் இந்த மாதிரி இடங்களை முன்கூட்டியே குறித்து வைக்க வேண்டும் என்றும் சொன்னது. ஒரு பஸ் 22 பேர். பார்க்கிங் ஆயிரம் பேர். ஆனால் பார்க்கிங் ஹீரோவாக நடிக்காது. மெக்கானகி நடிப்பார்.

2020 சென்சஸில் பாரடைஸின் மக்கள்தொகை 4,764. அதற்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வருகிறார்கள். ஊர் முழுக்க சைரன் கோபுரங்கள் வைத்திருக்கிறார்கள். பெயர் பதிவு செய்ய வேண்டாம், சார்ஜ் போட வேண்டாம், கேட்கிற காது இருந்தால் போதும். வீட்டைச் சுற்றி முதல் ஐந்தடிக்கு எரியக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது என்று விதியும் போட்டிருக்கிறார்கள். ரோஜாச் செடி வளர்த்த அம்மாள்களுக்கு வருத்தம்தான். என்ன செய்ய, 85 பேரைக் கொடுத்து வாங்கிய ஐந்தடி.

சைரனும் ஐந்தடியும் சரி. ஆனால் காது கேட்காதவருக்கும் கால் வராதவருக்கும் சைரன் போதாது. அந்த இடத்தில் எந்த மெஷினும் இல்லை. ஒரு மனிதர் போய்க் கதவைத் தட்ட வேண்டும். இன்னார் வீட்டுக் கதவை இன்னார் தட்டுவது என்று முன்னாலேயே முடிவு செய்திருக்க வேண்டும். அன்று காலை அவரவருக்குத் தோன்றினால் தட்டலாம் என்று விட்டால், சிலர் தட்டுவார்கள், சிலர் தட்ட மாட்டார்கள். பாரடைஸில் அப்படித்தான் நடந்தது. தட்டியவர்களும் நிறைய இருந்தார்கள், அவர்களால் பிழைத்தவர்களும் நிறைய.

ஊருக்கு உபதேசம் எழுதிவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. எங்கள் அபார்ட்மென்ட்டில் எதிர் ஃபிளாட்டில் ஒரு பாட்டி தனியாக இருக்கிறார். மகன் வெளிநாட்டில். ஏழு வருஷமாக எதிர் வீடு. யோசித்துப் பார்த்தேன், அவர் போன் நம்பர் என்னிடம் இல்லை. அவர் என்ன மாத்திரை சாப்பிடுகிறார், மாடிப்படி இறங்க முடியுமா, ஒன்றும் தெரியாது. ஃப்ரீமான்ட் நண்பர் நூற்றைம்பது மைல் தள்ளி இருந்த ஊரைக் கேள்விப்பட்டதில்லை. நான் ஆறடி தள்ளி.

மறுநாள் காலை போய் பெல் அடித்தேன். கதவைக் கொஞ்சமாகத் திறந்து, "என்னப்பா, மெயின்டனன்ஸ் பாக்கியா?" என்றார்.

"இல்லம்மா, உங்க போன் நம்பர் வேணும். ஏதாவது அவசரம்னா…"

என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு உள்ளே போய், காலண்டர் தாளின் பின்புறத்தில் நம்பரை எழுதிக்கொண்டு வந்தார். கையில் கொடுக்கும்போது சொன்னார்:

"எழுதித் தரேன். ஆனா ராத்திரி போனை அணைச்சுடுவேன். ஏதாச்சும்னா நீ கதவைத் தட்டு. பலமாத் தட்டணும். எனக்குக் காது மந்தம்."